ஆக்கர் கடைக்குப் போகிற சைக்கிள்: வாசகர் கேள்விகள்

போன இதழில் எங்கள் சைக்கிள் கொட்டகையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய கயிற்றுக் கிட்டங்கியின் சாய்ப்பில், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற இடம் அது. வேண்டாமென்று போட்ட சைக்கிள்களை வாங்கிப் பிரித்து, இரண்டை ஒன்றாக்கி, சில நேரம் மூன்றை ஒன்றாக்கி, தேவைப்படுகிறவர் கையில் கொடுக்கிறோம். இதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வழக்கமாக இந்தப் பகுதிக்கு முடி கொட்டுவதும் பட்டா மாற்றுவதும்தான் வரும், அவை அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி: அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. அவருடைய 28 இஞ்ச் சைக்கிள் பின்பக்கச் சாய்ப்பில் நிற்கிறது. ஆக்கர் கடைக்காரர் வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். அம்மா கொடுக்காதே என்கிறார், தம்பி இடத்தை அடைக்கிறது என்கிறான். உங்களிடம் கொடுத்தால் அதை என்ன செய்வீர்கள்?

அம்மா வேண்டாமென்றால் கொடுக்காதீர்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இப்படித்தான் ஒருவர் அப்பாவின் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார், மறுநாள் காலையில் நாங்கள் பூட்டைத் திறக்கும் முன்பே வந்து நிற்கிறார், நாங்கள் அதற்குள் மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றிப் போட்டிருந்தோம், எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. டீயும் பழம்பொரியும் அவர் செலவு. அதிலிருந்து இந்த மாதிரி வருகிற சைக்கிளை ஒரு மாதம் தொடுவதில்லை, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருப்போம்.

ஆக்கர் கடை என்றால் வெளியூர் வாசகர்களுக்குப் புரியாமல் இருக்கலாம், நீங்கள் காயலான் கடை என்பீர்கள். அங்கே உங்கள் அப்பாவின் சைக்கிள் வெறும் இருபது கிலோ சொச்சம் இரும்பு. எடை போட்டு, ஆலைக்கு ஏற்றி, உருக்கி, கம்பியாகத் திரும்பி வரும். அதுவும் மறுசுழற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாக இருக்கிற ஒரு ஃபிரேமை எதற்கு உருக்க வேண்டும்? நீங்கள் சொல்கிற 28 இஞ்ச், ராடு பிரேக் வைத்த வண்டியின் பின்சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பி இருக்கும், முன்சக்கரத்தில் 32. எண்ணிப் பாருங்கள். சுமை முழுக்கப் பின்னால்தான் விழும் என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டி. அதனால்தான் நம் ஊரில் வாழைக்குலை கட்டிச் சந்தைக்குப் போனவர்களும், இளநீர் கட்டியவர்களும், மீன் பெட்டி வைத்து வீடு வீடாக ஹார்ன் அடித்துப் போனவர்களும் அதையே பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மீன்காரர்களில் பலர் எம்80க்கு மாறிவிட்டார்கள், சரி. ஆனால் 28 இஞ்சைக் கேட்டு இன்றைக்கும் எங்களிடம் ஆள் வருகிறது, கொடுக்கத்தான் வண்டி இல்லை.

கொடுப்பதாக முடிவு செய்தால் ஒன்றே ஒன்று: பெல்லை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வேறு பெல் போட்டுக்கொள்கிறோம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: சும்மா கொடுக்கிற பொருளுக்கு மதிப்பு இருக்காது. வாங்கிக்கொண்டு போய் அவர்களே ஆக்கருக்குப் போட்டால் என்ன செய்வீர்கள்? யாருக்குத்தான் கொடுக்கிறீர்கள்?

சும்மா கொடுப்பதில்லை. போன தடவை அதை நான் தெளிவாக எழுதவில்லை, தப்பு என்னுடையது. டயர், டியூப், பால்ஸ், கிரீஸ் ஆகிற செலவை மட்டும் வாங்குவோம். அதுவும் முடியாதவர்கள் கொட்டகையில் வேலை செய்து கழிக்கலாம், அநேகமாக நான்கைந்து சாயங்காலம். அந்த நாட்களில் தங்கள் வண்டியைத் தாங்களே பிரித்துப் பூட்டுவார்கள். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் ஒருவரும் வண்டியோடு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் சட்டம், அதை யார் வந்து சொன்னாலும் தளர்த்துவதில்லை.

இந்தச் சட்டம் முதலில் கிடையாது. 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்ததே, அப்போது தண்ணீரில் கிடந்த சைக்கிள்களை வாய்க்கால் கரையோரம் குவித்துப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துப் பொறுக்காமல் நாலு பேர் தொடங்கியதுதான் இந்த வேலை. அப்போது மளமளவென்று சரிசெய்து கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஆறு மாதம் கழித்து அதே வண்டிகள் அதே நிலைமையில் திரும்பி வந்தன. ஒரு வண்டிக்கு வால்வ் டியூப் போய்விட்டது, அவ்வளவுதான் கோளாறு, சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு, அது தெரியாமல் மூன்று மாதம் வண்டியைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை, காற்றடிக்கிற பையனே மாற்றிவிடுவான். இப்போது அந்தக் கடைகள் மூடிவிட்டன, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் டூவீலர், கார் மட்டும்தான் என்கிறார்கள். அதனால் எங்களைக் கேட்டால் வண்டி கொடுப்பது பாதி வேலை கூட இல்லை. பானா (ஸ்பேனர்) பிடிக்கத் தெரிந்த கையோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த வண்டி தெருவில் நிற்கும், இல்லாவிட்டால் சாய்ப்பில்தான் நிற்கும்.

யாருக்கு என்றால், பெயர் சொல்ல மாட்டேன், ஆள் சொல்கிறேன். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு வடநாட்டுப் பையன், ராத்திரி பதினொன்றுக்கு வேலை முடியும், கடைசி பஸ் போயிருக்கும், நாலு கிலோமீட்டர் நடப்பான். தமிழில் அவனுக்கு முதலில் வந்த வார்த்தைகளில் ‘பெண்டு எடுக்கணும்’ ஒன்று, சக்கரத்தின் கோணலை நிமிர்த்த வேண்டும் என்று அர்த்தம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா, விடியுமுன் மூன்றரைக்குக் கிளம்புகிறவர், அந்த நேரத்துக்கு ஆட்டோ வராது, வந்தாலும் வெட்டுக்கூலியில் பாதியை அதற்கே கொடுக்க வேண்டும். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள், அவர்கள்தான் அதிகம். ஒருவர் வாங்கிக்கொண்டு போய் ஆக்கருக்குப் போட்டதும் நடந்திருக்கிறது, ஒரே ஒரு தடவை. எடைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டோம், சொன்னார். பாவம், சரியாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

கன்னியாகுமரியிலிருந்து ஒரு விடுதி ஊழியர்: கடலுக்குப் பக்கத்தில் வீடு. எத்தனை தடவை துடைத்தாலும் துரு. வீட்டில் தேங்காயெண்ணெய் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தேங்காயெண்ணெயைத் தலைக்கும் அவியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய், மார்கழிக் காலையில் செயினில் வெள்ளையாகத் திரண்டு நிற்கும், மற்ற நாளில் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும், வெளியே இருப்பது அழுக்குக்குத் தீனி.

கடற்காற்றில் இருக்கிற உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மழை இல்லாத நாளிலும் துரு ஏறுவது அதனால்தான். எனவே வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்து இன்னும் கெடும். துரு ஏறிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதற்கு மேல் பெயின்ட். பலரும் மறப்பது ஃபிரேமின் உட்புறம். சீட்டை உருவிவிட்டு அந்தக் குழாய் வழியாகக் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி, வண்டியை அப்படியும் இப்படியும் சாய்த்து, ஒரு ராத்திரி சாக்கின் மேல் நிறுத்துங்கள். தரை அழுக்காகும், வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வில்லுக்குறியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: இடது பெடல் உடைந்துவிட்டது. அப்பாவும் நானும் ஒரு மணி நேரம் பானாவைப் போட்டுத் திருப்பினோம், வரவே இல்லை. அப்பா என்னைத் திட்டுகிறார்.

மக்களே, நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மணி நேரமாக அதை நன்றாக இறுக்கியிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. மிதிக்கும்போது தானாகக் கழன்று விழாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். பானாவின் பிடி மேலே பார்த்து நிற்கும்படி போட்டு, பின்சக்கரத்தின் பக்கமாக இழு. வலது, இடது எதுவானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். இப்போது நன்றாக இறுகியிருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் முயற்சி செய். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டாதே.

குலசேகரத்திலிருந்து ஒருவர்: 26 இஞ்ச் சைக்கிளுக்கு 26 இஞ்ச் டயர்தான் வாங்கினேன். ரிம்மில் உட்காரவில்லை, தொளதொளவென்று இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். 26 என்று எழுதியதெல்லாம் ஒரே 26 கிடையாது, இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய குழப்பமே இதுதான். லேடீஸ் சைக்கிளில் வருகிற 26 x 1 3/8 டயர் உட்காருகிற ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். தடித்த டயர் போட்ட மவுண்டன் வகை வண்டியில் 26 x 1.95, 26 x 2.125 என்று இருக்கும், அதற்கு 559. நடுவில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், எப்படி உட்காரும்? பின்னமாக எழுதியது ஒரு ஜாதி, புள்ளி வைத்து எழுதியது வேறு ஜாதி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள், 37-590 என்பது போலச் சின்ன எழுத்தில் இருக்கும், இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய 28 x 1½ வண்டிகளுக்கு அந்த எண் 635. நீங்கள் வாங்கிய டயர் சேறுபடாமல் இருந்தால் கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள், அதற்குப் பொருத்தமான ரிம் ஒன்று இங்கே டயருக்காக ஏங்கிக்கொண்டு கிடக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர் (பெயர் போடக் கூடாது என்கிறார்): ஆளுக்கு ஒரு ஸ்கூட்டர் இருக்கிற காலத்தில் சைக்கிள், சமூக சேவை என்று படம் காட்டுகிறீர்கள். விளவங்கோடு பக்கம் ஒரு ஏற்றத்தில் சவுட்டிப் பாருங்கள், தெரியும்.

சவுட்டிப் பார்த்திருக்கிறேன் அய்யா. உண்மைதான், நாஞ்சில்நாட்டு வயல் நடுவே போகிற ரோட்டில் சைக்கிள் ராஜா, கிழக்கே ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு முகம் கொடுத்தால் அவன் கூஜா, மேற்கே போனால் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், மறுபடி ஒரு இறக்கம், மறுபடி ஒரு ஏற்றம் என்று முட்டி கழன்றுவிடும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் அவமானம் இல்லை, எங்கள் பாட்டாமார் (தாத்தாமார்) எல்லாம் அப்படித்தான் போனார்கள். மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு முடிந்தவரை கியர் வண்டியாகப் பார்த்துக் கொடுக்கிறோம். ஆளுக்கு ஒரு ஸ்கூட்டர் என்கிறீர்களே, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம் எப்படி வந்தார் என்று ஒருநாள் கேளுங்கள்.

இரணியலிலிருந்து ஒரு அம்மா: வயது 48. சின்ன வயதில் சைக்கிள் தொடவிடவில்லை. இப்போது கற்றுக்கொள்ள முடியுமா? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த மாதப் பக்கமே என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்து கற்ற கையோடு பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், ஒருவர் இருவர் கிடையாது, ஊர் ஊராக. கல்லுடைக்கிறவர்கள், வயல்வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள்.

பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற பழைய முறை வேண்டாம். அதில் பிடித்தவர் கையை விட்டது தெரிந்ததும் பயந்து விழுவோம், நான் விழுந்த தழும்பு இன்னும் முட்டியில் இருக்கிறது. நாங்கள் செய்வது இப்படி: சீட்டை முழுக்க இறக்கி, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி வைப்போம். பெடல் இரண்டையும் கழற்றிவிடுவோம் (இடது மரை ஞாபகம் இருக்கட்டும்). முதல் இரண்டு நாள் வெறும் காலால் தரையை உந்தி உந்திப் போவதுதான். பெடலே இல்லாததால் பயமும் இல்லை, காலும் இடிக்காது, லேசான இறக்கத்தில் விட்டால் கால் தானாக மேலே தூக்கும், அந்த நொடியில் பேலன்ஸ் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் பெடலை மாட்டினால் முக்கால்வாசிப் பேர் போய்க்கொண்டே இருக்கிறார்கள், பிரேக் பிடிக்க மட்டும் கத்திச் சொல்ல வேண்டும். செயின் கவர் இருக்கிற வண்டியாகப் பார்த்துத் தருகிறோம், சேலையோ சுடிதாரோ உங்கள் வசதி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள், வேடிக்கை பார்க்கிற ஆம்பிளைகளை அந்த நேரத்தில் உள்ளே விடுவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். சொல்லிக்கொடுப்பது மேலே சொன்ன பால்வெட்டு அக்கா. பிள்ளைகளிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒருநாள் அவர்கள் பள்ளிவிட்டு வரும்போது எதிரில் போங்கள்.

கருங்கலிலிருந்து ஒருவர்: திருட்டு சைக்கிள் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கொண்டுவருகிறவர் பெயர், ஊர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம், ஃபிரேம் நம்பரையும் எழுதுவோம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெடல் அச்சு போகிற குழாயின் அடியில் பொறித்திருக்கும், சில வண்டிகளில் சீட்டுக்குக் கீழே. அந்த இடத்தை யாராவது அரத்தால் ராவியிருந்தால் வாங்குவதில்லை. நீங்களும் உங்கள் வண்டியின் நம்பரை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தபிறகு ‘பச்சை கலர், பெல் இல்லை’ என்று சொன்னால் போலீஸ் என்ன செய்யும்.

சுசீந்திரத்திலிருந்து ஒருவர்: மகன் பிளஸ் டூ முடித்து வெளியூர் போய்விட்டான். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. வாங்குவீர்களா?

படிப்பு முடிந்துவிட்டதென்றால் தாராளமாக. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் வண்டியை மட்டும் வாங்க மாட்டோம், அது எதற்காகக் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது, அதனால் ஒரே மாதிரி வண்டிகள் ஏராளம், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துகிறது. எங்களுக்கு அது பெரிய வரம். இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்தால் டயர் வெடிப்பு விட்டிருக்கும், பரவாயில்லை. செயினை மட்டும் அளந்து பாருங்கள்: 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 1/16 இஞ்ச் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், 1/8 கூடியிருந்தால் ப்ரீவீலும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) தேய்ந்திருக்கும். அளந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால் எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கொடுக்க என்னிடம் சைக்கிளும் இல்லை, பணமும் இல்லை. வேறு எப்படி உதவலாம்?

பழைய டியூப். எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் சரி. கேரியரில் கட்டுகிற பட்டை, பஞ்சர் ஒட்டுத் துண்டு, ஹேண்டில் பிடி, ரிம்முக்கு உள்பட்டை என்று ஒரு டியூப்புக்கு எங்களிடம் பல பிறவி உண்டு. அப்புறம் உங்களுக்கு மலையாளமோ இந்தியோ தெரிந்திருந்தால் ஒரு சாயங்காலம் வாருங்கள், நாங்கள் கையைக் காலை ஆட்டி விளக்குவது சகிக்கவில்லை.

திங்கள்சந்தையிலிருந்து ஒரு அப்பா: பழைய சைக்கிள் என்றால் மகன் தொட மாட்டேன் என்கிறான். கூட்டாளிகள் கேலி செய்வார்களாம். புதிது வாங்க இப்போது வசதி இல்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், டீக்கடையில் உட்காருங்கள். ஃபிரேமை அவனே தேர்ந்தெடுக்கட்டும், பெயின்ட் கலரும் அவன் இஷ்டம், எங்கள் கொட்டகைப் பெரியவர் சைக்கிள் பாட்டா குறுக்கே வரமாட்டார் (வாயை மூடிக்கொண்டிருக்க அவர் படுகிற பாடு தனி). போன வருடம் ஒரு பையன் ஆரஞ்சும் ஊதாவும் கலந்து வரிவரியாக அடித்தான், சக்கரத்துக்கு ஒன்று பச்சை. பார்க்கச் சகிக்காது. இரண்டு வாரம் கழித்து அவன் வகுப்பிலிருந்து மூன்று பேர் அதே மாதிரி வேண்டுமென்று வந்தார்கள், ஊதா பெயின்ட் தீர்ந்துவிட்டது, இன்னும் வாங்கவில்லை. உங்கள் மகனுக்கு ஊதாதான் வேண்டுமென்றால் கால் லிட்டர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.